கம்பி கறுப்பது நீ தின்பதால் அல்ல

கண்ணு,

நீ போட்ட கார்டு நேற்று வந்தது. அடுத்த வாரம் பம்பாய்க்கு ரயில் ஏறப்போவதாகவும், அங்கே ஓர் ஓட்டலில் சீசன் முழுக்க உன் பேண்டு வாசிக்கப்போவதாகவும், உடம்பு நன்றாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். முதல் இரண்டையும் நம்பிவிட்டேன். மூன்றாவதை எழுதும்போது உனக்கே கை கூசியிருக்கும். அந்த வரி மட்டும் கோணிக்கொண்டு கிடக்கிறது. படித்ததிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன், காட்டியதை மறந்து மறுபடியும் காட்டினேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்தது. உன் தங்கைதான் தன் நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக் கொடுத்து, அண்ணனுக்கு எழுதித் தொலை, இல்லாவிட்டால் வீட்டைக் கொளுத்திவிடுவாய் என்றாள். நான் அஞ்சாவதோடு நின்றவள். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். விஷயத்தில் தப்பு இருந்தால் மட்டும் சண்டைக்கு வா.

விஷயம் ஒன்றே ஒன்றுதான். நீ உப்பும் புளியும் தின்ன வேண்டும். கித்தார் கம்பி துருப்பிடிக்கிறது என்று நீ வயிற்றைக் காயப்போட்டது போதும். மாசி மாதம் குந்தாரப்பள்ளி சந்தையில் நீ மயங்கி விழுந்தபோது பக்கத்தில் உன் அப்பா இருந்தார், தூக்கினார். பம்பாயில் விழுந்தால் உன் பேர் தெரிந்தவன்கூடப் பக்கத்தில் இருக்கமாட்டான். இதை ஒரு வரியில் எழுதி அனுப்பியிருப்பேன். ஆனால் நீ ஒரு வரிக்கு அடங்குகிற பிள்ளையா? வெந்நீரில் குளி என்றால் தண்ணீர் ஏன் கொதிக்கிறது என்று கேட்டவன். அதனால் காரணத்தோடு எழுதுகிறேன், பாதியில் தூக்கிப் போடாமல் படி.

உன் கை இப்படி என்று முதலில் தெரிந்தது பெங்களூர் பேக்டரியில். நம் சூளகிரிப் பக்கத்திலிருந்து அந்த மெஷின் பேக்டரிக்குள் போன முதல் ஆள் நீ என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாலிஷ் போட்ட எஃகுத் துண்டுகளை அளந்து அடுக்கிவைக்கிற வேலை. மற்றவர்கள் அடுக்கியவை கண்ணாடி போல இருக்க, நீ தொட்டு வைத்தவற்றில் மட்டும் விரல் ரேகை பழுப்பாக எழும்பி நின்றது. மேஸ்திரி நம்பாமல் எல்லாரையும் ஆளுக்கொரு துண்டைத் தொடவைத்துப் பார்த்தாராம். உன் துண்டில் மட்டும் விரல் பதிந்த இடமெல்லாம் துரு. அந்த ஆள் உன்னைத் திட்டவில்லை, சிலர் கை அப்படித்தான் என்று சொல்லிப் பெட்டிக்கு ஆணி அடிக்கிற பக்கம் அனுப்பிவிட்டார். நீ இதை வந்து சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீயும் சிரித்தாய், ஆனால் சிரிக்கும்போதே கையை வேட்டியில் துடைத்துக்கொண்டாய். நான் அதைக் கவனித்தேன், கவனித்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஆணி அடிக்கிற இடத்தில் நீ எத்தனை நாள் இருப்பாய்? தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னால் குடியிருந்த ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரர் வீட்டில் போய்க் கித்தார் கற்றுக்கொண்டாய், அவருடைய பேண்டிலேயே சேர்ந்தாய், பேக்டரியை விட்டாய். உன் அப்பா கித்தாரை இன்றுவரை பொட்டி என்றுதான் சொல்கிறார். பொட்டி வாசிச்சு எவன் பொண்ணு குடுப்பான் என்று கேட்டாரே தவிர, நீ புளியந்தோப்பில் உட்கார்ந்து வாசித்த அன்றைக்கு வரப்பில் நின்று முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் மடை திருப்பப் போனார். உனக்கு இது தெரியாது. சொல்லாதே என்றார், சொல்லிவிட்டேன்.

கையோ கம்பியையும் விடவில்லை. பேண்டில் மற்றவர்கள் மாதக்கணக்கில் வைத்து வாசிக்கிற கம்பி உன் விரலுக்கு ஒரு வாரத்தில் கறுத்து, சத்தம் மழுங்கிப்போனது. கம்பியோ கப்பலில் வருகிற சரக்கு, கேட்டபோது கிடைக்காது. பாட்டு நடுவில் உன் கித்தார் மட்டும் சுருதி இறங்கியது என்று உனக்குக் கற்றுக்கொடுத்த மாஸ்டரே முகத்தைச் சுளித்தார். இப்படியே போனால் பம்பாய்க்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். ஆளுக்கு ஆள் வேர்வை வேறுபடும், ரத்தத்தில் புளிப்பு அதிகமுள்ளவன் கை கம்பியைத் தின்றுவிடும், நீ என்னதான் சாப்பிடுகிறாய் என்று கேட்டாராம். அவர் போகிற போக்கில் கேட்டது. நீதான் அதை மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தாய்.

வந்த இடத்தில் நான் செய்த காரியம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. பொங்கலுக்கு வீட்டிலுள்ள பித்தளையெல்லாம் துலக்கிக்கொண்டிருந்தேன். குடம், அண்டா, குத்துவிளக்கு. நீ குளிக்கப் போயிருந்தாய். சுவரில் சாய்த்து வைத்திருந்த கித்தாரைப் பார்த்தேன். செம்பு சுற்றிய கம்பிகள் கறுத்து, கீழே இருக்கிற மெல்லிய கம்பிகளில் பழுப்புப் படிந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. கையில்தான் புளி இருக்கிறதே. கொட்டை எடுத்த நம் தோப்புப் புளியை உப்பும் சாம்பலும் சேர்த்து ஒவ்வொரு கம்பியாகப் பிடித்துத் தேய்த்தேன். ஈரத்துணியால் வேறு துடைத்தேன். அன்றைக்கு அது மின்னிய மின்னலில் எனக்கே பெருமை தாங்கவில்லை. நீ வந்து பார்த்து, பளபளன்னு இருக்குதும்மா என்றாய். மறுநாள் விடிந்து பார்த்தால் செம்புச் சுற்றுக்குள் பச்சை பூத்திருந்தது. மெல்லிய கம்பி முழுக்கச் செந்துரு. நீ சுருதி சேர்க்க முறுக்காணியைத் திருப்பியதும் கம்பி அறுந்து உன் தாடையில் அடித்தது. ரத்தம் வந்தது. அப்போதாவது நீ என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அந்தக் கோபம் அன்றோடு போயிருக்கும். நீ திட்டாமல் உட்கார்ந்து யோசித்தாய்.

"ஒரு தடவை மேல தேச்ச புளியே கம்பிய இப்பிடித் திங்குதுன்னா, நான் பொறந்ததுல இருந்து தின்ன புளி எத்தன இருக்கும்மா? அது வேர்வையா வந்துதான திங்குது" என்றாய்.

கேட்பதற்கு எவ்வளவு சரியாக இருந்தது, பார். புளி வித்துக் கஞ்சி குடிக்கிற குடும்பம் நம்முடையது. மாசி பங்குனியில் நம் வீட்டில் தண்ணீரும் புளிக்கும், தலைமுடியும் புளிக்கும். அந்த வீட்டுப் பிள்ளை நீ. நீ சொன்னதை நானும் பாதி நம்பினேன். நம்பித்தான், புளி வேண்டாம் என்று நீ சொன்னபோது, பெங்களூருக்குப் போய் நாலு நாளில் சரியாகிவிடுவான் என்று விட்டேன். புளி போனது. அப்புறம் உப்பும் இரும்பைத் தின்னும் என்று கண்டுபிடித்தாய். அப்புறம் பூண்டு, கறி, மோர். இவ்வளவும் பெங்களூரில் எனக்குத் தெரியாமல் நடந்தது.

மாசியில் நீ வந்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது. ராத்திரி வாசித்தால் அப்படித்தான் என்றாய். நம் பக்கத்தில் கேழ்வரகுக் களிக்கு உப்புப் போடுவதில்லை, தொட்டுக்கொள்ளும் சாற்றில்தான் உப்பும் புளியும் எல்லாம். நீ களியை வெறும் தண்ணீரில் கரைத்துக் குடித்தாய். வெயில் என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் கெலவரப்பள்ளியிலிருந்து பெண் விஷயமாக வந்து பேசினார்கள். நீ அவர்கள் எதிரிலேயே, நான் பம்பாய் போகிறேன், இப்போது கல்யாணம் வேண்டாம் என்று எழுந்து போனாய். வந்தவர்கள் காப்பியை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். உன் அப்பா அவ்வளவு கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"சோத்துல உப்புப் போட்டுத்தானடா திங்கற?" என்றார்.

ஊரில் எந்த அப்பனும் கேட்கிற கேள்விதான் அது. ரோஷம் இருக்கிறதா என்று அர்த்தம், வேறொன்றுமில்லை. அதற்கு எந்தப் பிள்ளையும் பதில் சொல்வதில்லை, தலையைக் குனிந்துகொண்டு போய்விடும். நீ நின்று, அவர் முகத்தைப் பார்த்து, "இல்லப்பா, ரொம்ப நாளா போடறதில்ல" என்றாய். கிண்டல் இல்லை. நிஜமாகவே பதில் சொன்னாய். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இந்த வீட்டில் உப்புக்கு வழியில்லாத வருஷம்கூட இருந்தது கண்ணு. அப்போதும் உனக்கு ஒரு கல் எடுத்து வைத்துவிட்டுத்தான் நாங்கள் தின்றோம்.

அதற்கு மறுநாள்தான் சந்தை. வெயில் ஏறிய நேரத்தில், மாட்டுக்குப் பல் பார்த்துக்கொண்டிருந்த உன் அப்பாவுக்குப் பின்னால் நீ சரிந்தாய். நடுச்சந்தையில் கூட்டம் கூடி, இங்கே சாராயம் கிடைக்காமல் எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் பேசியது. உன் அப்பா யாரோடும் வாதாடவில்லை. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்கு நடந்தார். கிருஷ்ணகிரி டாக்டர் நாடியைப் பிடித்து, கண்ணை விரித்துப் பார்த்து, என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். உப்பைக் கரைத்து ஊற்றியதும் நீ கண் திறந்தாயாம். வெயிலில் வேர்க்கிறவன் உப்பில்லாமல் இருந்தால் அடுத்த தடவை கண் திறக்கிறது சந்தேகம் என்று டாக்டர் உன் அப்பாவிடம் தனியாகச் சொன்னார். உன் அப்பா அதை என்னிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் நீ காலை பஸ்ஸில் போய்விட்டாய், நான் பிசைந்து வைத்த சோற்றைத் தொடாமல்.

இதுவரைக்கும் பெரும்பாலும் உனக்குத் தெரிந்த கதை. இனி நான் சொல்வது உனக்குத் தெரியாது.

நீ போன பிறகு உன் பெரியப்பா வீட்டில் மாங்காய் ஊறுகாய் போட்டார்கள். என்னைக் கூப்பிட்டார்கள், நறுக்க. உப்புப் போட்டுக் கிளறும் நேரம் வந்ததும் உன் பெரியம்மா வழக்கம் போல, நீ தள்ளிக்கோ என்றாள். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் கையை ஊறுகாய் ஜாடிப் பக்கம் விட்டதில்லை. என் கை எப்போதும் ஈரமாக இருக்கும், நான் தொட்டால் ஊறுகாய் பூசணம் பூக்கும் என்பது அவள் கட்சி. என்னிடம் ஊசி கொடுக்கமாட்டாள், ஒரு மாதத்தில் துருப்பிடித்து வரும் என்று. இத்தனை வருஷமாக இதை நான் ஓரகத்தியின் குசும்பு என்றே நினைத்திருந்தேன். அன்றைக்கு மாங்காய்ப் பால் ஒட்டிய கையோடு நடுவீட்டில் நின்றுகொண்டு என் உள்ளங்கையைப் பார்த்தேன். மின்னிக்கொண்டிருந்தது, வேர்வை. பேக்டரித் துண்டில் எழும்பிய ரேகை யாருடையது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்லிக்கொள்ளாமல்கூட வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

சந்தையில் புது ஊசி வாங்கினேன். ஒன்று உன் அப்பாவுக்கு, ஒன்று உன் தங்கைக்கு, ஒன்று எனக்கு. காட்டு வேலை முடிந்து வந்ததும் ஆளுக்கொரு ஊசியை உள்ளங்கையில் வைத்து உருட்டி, ஆளுக்கொரு துணியில் குத்திவைக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். உன் அப்பா என்னைப் பைத்தியம் என்றார், ஆனாலும் உருட்டினார். அவருக்கு உப்பு எவ்வளவு வேண்டும் என்று உனக்குத் தெரியும், சாற்றில் போதாமல் ஊறுகாயை வழித்து நக்குகிற மனுஷன். அவருடைய ஊசி வாங்கின மாதிரியே இருந்தது. தங்கை ஊசியும் அப்படியே. என் ஊசி கறுத்தது. மூவரும் தின்றது ஒரே சட்டிச் சாறு.

அதோடு நிறுத்தவில்லை. நீ கேட்பாய், உப்பை விட்டால் உன் ஊசியும் மாறியிருக்குமே என்று. அதனால் நானும் உப்பை விட்டேன், புளியை விட்டேன். நீ குடித்தது போலவே களியை வெறும் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். என்ன ருசிடா அது? அதைக் குடித்துக்கொண்டு இத்தனை நாள் எப்படி ராத்திரி பூராவும் நின்று வாசித்தாய் என்று ஒவ்வொரு வாய்க்கும் உன்னை நினைத்தேன். சில நாள் போனதும் புது ஊசி எடுத்து உருட்டினேன். அதுவும் கறுத்தது. சொல்லப்போனால் கொஞ்சம் சீக்கிரமாகவே கறுத்தது என்று எனக்குத் தோன்றியது, ஏனென்றால் உடம்பு தளர்ந்து கை சில்லென்று வேர்க்க ஆரம்பித்திருந்தது. நான் டாக்டர் இல்லை. தின்பதற்கும் வேர்வைக்கும் கொஞ்சமும் சம்பந்தம் கிடையாது என்று அடித்துச் சொல்லமாட்டேன், பூண்டு தின்றவன் பூண்டு நாறத்தான் செய்கிறான். ஆனால் கம்பி துருப்பிடிப்பது நீ தின்கிற புளியால் இல்லை. நீ என் வயிற்றில் பிறந்ததால். உன் கை என் கை, அவ்வளவுதான்.

இதை உனக்கு நல்ல செய்தி என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதும்போதுதான் இது கெட்ட செய்தியும்கூட என்று தெரிந்தது, எழுந்து போய்க் கொல்லையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். புளிதான் காரணம் என்றால் புளியை விட்டால் கை மாறும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது உனக்கு. அதையும் நான் இப்போது பிடுங்குகிறேன். பட்டினி கிடந்தாலும் இந்தக் கை மாறாது. பம்பாய்க்கும் இதே கையோடுதான் போவாய், கிழவனானாலும் இதே கைதான். மாஸ்டர் உன்னைப் பாதியில் அனுப்பினாலும் அனுப்பலாம், அது நடக்காது என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் கேள். இந்தக் கையோடு நான் குப்பை கொட்டியிருக்கிறேன். ஊசி தொடுமுன் கையைக் கழுவி ஈரம் போகத் துடைப்பேன். தைத்து முடித்ததும் ஊசியைத் துடைத்து உலர்ந்த துணியில்தான் குத்துவேன். அப்படிச் செய்த ஊசி எனக்கு ரெண்டு பங்கு நாள் உழைத்தது. நீயும் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் துடை, கம்பிக்கு அடியிலும் துணியைக் கொடுத்துத் துடை. மற்றவன் ஒரு கம்பி போடுகிற காலத்தில் நீ இரண்டு போட வேண்டியிருக்கும். போடு. அதற்கு வெட்கப்படாதே. மாஸ்டரிடம் நேராகச் சொல், என் அம்மா கை இது, மாத்த முடியாது, அடிக்கடி கம்பி மாத்திக்கறேன் என்று. ஒளித்துக்கொண்டு மெலிந்துபோவதைவிட அது கௌரவம்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நாளைக்குக் காலை பஸ்ஸில் உன் அப்பா கொண்டுவருகிறார். பையில் அவருடைய பழைய வேட்டிகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்து வைத்திருக்கிறேன், வேர்வையை அதுபோல எந்தப் புதுத்துணியும் உறிஞ்சாது. தூக்குச்சட்டியில் களியும் மொச்சைக்கொட்டைச் சாறும் இருக்கும், உப்பும் புளியும் சரியாகப் போட்டது. சரியாக இருக்கிறதா என்று உன் தங்கைதான் ருசி பார்ப்பாள். என்னால் பார்க்க முடியாது. ஊசிக்காக விட்ட உப்பை நான் இன்னும் திரும்பத் தொடவில்லை. முந்தாநாள் புளி தட்டிக்கொண்டிருந்தபோது எனக்கும் கண் இருட்டியது. உன் அப்பா தண்ணீர் தெளித்து எழுப்பிவிட்டு, "மகனத் தூக்குனேன், இன்னிக்கி ஒன்னத் தூக்கறேன், என்னத் தூக்க யாருடி இருக்கா?" என்று கேட்டார். அதற்கும் நான் உப்பைத் தொடவில்லை.

நீ அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடு. நீ எழுதுகிற கார்டை நான் நம்பமாட்டேன், ஆனால் உன் அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. சாயங்கால பஸ்ஸில் அவர் இறங்கி வருவார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் என் சாற்றில் உப்புப் போடுவேன்.

உன் அம்மா